லாரி நின்றால் அடுப்பும் நிற்கும்

காலையில் காப்பிக்குத் தண்ணீர் வைக்கிறீர்களே, சகோதரிகளே, ஒரு பிடி காப்பிக்கொட்டை மலையை விட்டு இறங்கி ஒரு வீட்டு டப்பாவுக்குள் வந்து சேர்வதற்குள் எத்தனை பேர் தூக்கம் கெட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? நமக்கு ஏது நேரம்! பால் பொங்கிவிடும்; பள்ளிக்கூட வண்டி வாசலில் வந்து நின்றுவிடும். ஆனாலும் இந்த வாரம் அடுப்பைக் கொஞ்சம் தணித்து வைத்துவிட்டு என்னோடு வாருங்கள். தூரப் பிரயாணம்தான். வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் மெல்லிய இடுப்புப் போல இணைத்துக்கொண்டிருக்கிறதே மத்திய அமெரிக்கா, அங்கே போகிறோம்.

இந்த இடுப்பின் நெடுக மலைகள், நடுநடுவே எரிமலைகள். மேலே குளிர்ச்சி. ஆகவே காப்பித் தோட்டங்களும் பெரிய ஊர்களும் மலைமேலேயே அமைந்துவிட்டன. குவாட்டமாலா நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோஸ்டா ரிகாவின் தலைநகரான சான் ஹோஸே 1,100 மீட்டருக்கு மேல். கப்பலோ கீழே சமுத்திரத்தில்தான் வந்து நிற்கும். விற்கிற சரக்கு இறங்கியாக வேண்டும். வாங்குகிற சாமான் ஏறியாக வேண்டும். அங்குள்ளவர்களின் பிழைப்பே இந்த ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த வேலையைச் செய்தவை மாட்டு வண்டிகள். கோஸ்டா ரிகாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலிருந்து பசிபிக் கரையிலுள்ள புன்டரேனாஸ் துறைமுகத்துக்குக் காப்பி மூட்டைகள் வண்டி வண்டியாகப் போகும். பத்து முதல் பதினைந்து நாள் பிரயாணம். சேற்றில் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காகச் சக்கரத்தை ஆரக்கால் இல்லாமல் முழுக் கட்டையாகவே செய்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சக்கரங்களுக்கு வர்ணம் தீட்டும் வழக்கமும் வந்தது. பூவும் நட்சத்திரமுமாக, நாம் வாசலில் போடுகிற கோலம் தோற்றுப்போகும் போங்கள்! ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிச் சித்திரம். சக்கரத்தைப் பார்த்தே வண்டிக்காரன் எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடலாமாம். அச்சில் ஓர் இரும்பு வளையம் மோதி எழுப்பும் ஓசையும் வண்டிக்கு வண்டி வேறு. இந்த வண்டிக் கலையை உலகத்தின் பாரம்பரியச் செல்வம் என்று 2005-ல் யுனெஸ்கோ கௌரவித்தது.

இப்போது அந்த இடத்தில் லாரி. மலைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நல்ல சாலைகள் வந்துவிட்டன. சான் ஹோஸேயிலிருந்து கால்டெரா துறைமுகத்துக்கு 2010-ல் திறந்த நெடுஞ்சாலை 80 கிலோமீட்டர்கூட இல்லை. அப்படியானால் கஷ்டம் தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. சேறு போயிற்று, செக் போஸ்ட் வந்தது!

கணக்குப் பாருங்கள். குவாட்டமாலா நகரத்தில் சரக்கு ஏற்றிய லாரி சான் ஹோஸே போக வேண்டும். தூரம் 1,000 கிலோமீட்டருக்கு மேல். வழியில் எல் சால்வடார், ஹோண்டுராஸ், நிகராகுவா என்று மூன்று தேசங்கள். தாண்ட வேண்டிய எல்லைகள் நான்கு. இதில் ஹோண்டுராஸ் பகுதி 150 கிலோமீட்டருக்கும் குறைவுதான். அந்தத் துண்டுக்காக நுழையும்போது ஒரு வரிசை, வெளியேறும்போது ஒரு வரிசை. முத்திரை, சோதனை, கட்டணம், மறுபடியும் முத்திரை. இந்தத் தாமதங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் லாரியின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர்தான் என்று கணக்கெடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போய்விடுவான்!

டிரைவர் என்ன செய்வார்? டிரெய்லருக்கு அடியில் வலைத் தூளியைக் கட்டிப் படுத்துக்கொள்வார். மேலே பல டன் சரக்கு. கீழே தார் ரோட்டின் வெக்கை. அக்கம்பக்கத்துப் பெண்கள் சோறும் அவரையும் கொண்டுவந்து விற்பார்கள். பல டிரைவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. வரிசையில் நிற்கிற நாளில் சம்பாத்தியம் இல்லை, சாப்பாட்டுச் செலவு மட்டும் உண்டு. வீட்டிலே இருக்கிற மனைவி அரிசிக் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்லுவாள்? எல்லையில் லாரி நின்றால் எங்கோ ஒரு வீட்டில் அடுப்பும் நிற்கிறது.

2018-ல் நிகராகுவாவில் சர்க்காரை எதிர்த்துக் கிளர்ச்சி எழுந்து, சாலைகளை மறித்தபோது, எத்தனையோ லாரிகள் வாரக்கணக்கில் அப்படியே நின்றன. சண்டை யாருக்கும் யாருக்குமோ. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் டிரைவர்கள்.

2020 மே மாதத்தில் நடந்தது இன்னும் சங்கடமானது. கொரோனாப் பயம் உலகத்தை ஆட்டி வைத்த சமயம். நிகராகுவாவுக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் நடுவிலுள்ள பெனாஸ் பிளாங்காஸ் எல்லையில் டிரைவர்களைச் சோதித்தார்கள். நோய் கண்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு கோஸ்டா ரிகா, “டிரெய்லரை எல்லையில் கழற்றிவிடுங்கள், எங்கள் ஆள் இழுத்துக்கொண்டு போவான்” என்றது. மற்ற தேசங்கள் இதற்கு ஒப்பவில்லை. இரண்டு பக்கமும் லாரிகள் நீளமாக நின்றுவிட்டன. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான் சமரசம் ஏற்பட்டது.

யார் பேரில் குற்றம் சொல்வீர்கள்? தன் வீட்டுக் குழந்தைகளுக்கு நோய் வரக்கூடாது என்று கதவைச் சாத்துகிறவளைக் குறை சொல்ல முடியுமா? முடியாதுதான். ஆனால் சாத்திய கதவுக்கு வெளியே நிற்கிறவன் நம் வீட்டுக்கு மருந்தும் மாவும் கொண்டுவந்தவன் ஆயிற்றே! கதவைச் சாத்தினாலும், திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பதல்லவா மனுஷத்தனம்?

கொஞ்சம் நல்ல சமாசாரமும் உண்டு. 1960 டிசம்பரில் மனாகுவாவில் மத்திய அமெரிக்கப் பொருளாதார ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, ஒரே சந்தையாக வாழ்வோம் என்றார்கள். அந்த ஆசை நத்தை வேகத்தில் என்றாலும் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2017-ல் குவாட்டமாலாவும் ஹோண்டுராஸும் சுங்கத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. 2019 மே மாதம் மூன்று விதச் சுங்கப் பத்திரங்களை ஒன்றாக்கினார்கள். 2023 ஆகஸ்டில் எல் சால்வடாரின் லா யூனியன் துறைமுகத்திலிருந்து கால்டெராவுக்கு, லாரிகளையே விழுங்கிக்கொண்டு போகும் கப்பல் ஒன்று புறப்பட்டது. நாள்கணக்கில் ஆகும் சாலைப் பிரயாணம் ஒரு பகல் ஓர் இரவுக்குள் அடங்கிற்று. மூன்று எல்லைகள் மிச்சம்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. வீட்டுக்கு வீடு வாசற்படி இருக்கலாம், தப்பில்லை. அந்த வாசற்படிகளைத் தாண்ட முடியாமல் கடலைச் சுற்றிக்கொண்டு போவதற்குக் கப்பல் தேட வேண்டியிருக்கிறதே, அது பெருமைதானா? கப்பலுக்குச் செலவிடுகிற பணத்தில் கொஞ்சத்தை, எல்லையில் ஒரு நிழல் கொட்டகைக்கும், குளிக்க ஓர் அறைக்கும், வேகமாக முத்திரை குத்த இன்னும் நாலு கைகளுக்கும் செலவிடலாமே! இதைச் சொல்லப் பொருளாதார நிபுணர் வேண்டியதில்லை. குடும்பம் நடத்துகிற எந்தப் பெண்ணும் சொல்லுவாள்.

சரி, பால் பொங்கப் போகிறது, போய்ப் பாருங்கள். மீதியை அடுத்த வாரம் பேசுவோம்.