ஈரக் குப்பைக்கு எரிஉலை எதற்கு?

கொடுங்கையூரில் எரிஉலை கட்டியே தீருவது என்ற சென்னை மாநகராட்சியின் பிடிவாதம் இன்னும் தளரவில்லை. வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று சொல்லியும் தளரவில்லை. ‘குப்பையிலிருந்து மின்சாரம்’ என்ற பேச்சில், எரியப்போவது எது என்ற கேள்வியே அமுங்கிவிட்டது.

சென்னையில் அன்றாடம் சேரும் 5,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பை. மீந்த சோறு, காய்கறித் தோல், சாப்பிட்ட வாழையிலை, கோயம்பேட்டில் கழித்துப்போடும் கீரை. எல்லாமே நீர் சொட்டுபவை. இவற்றை எரிக்க வேண்டுமானால் முதலில் அந்த நீரை ஆவியாக்க வேண்டும். கிடைக்கும் வெப்பத்தில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். இதே ஈரத்தோடு காய்ந்த இலையோ தேங்காய் நாரோ சேர்த்து, காற்றுப் படும்படி அவ்வப்போது கிளறிவிட்டால், குவியல் தானாகவே 60 டிகிரிவரை சூடேறும். இரண்டு மாதத்துக்குள் மண் வாசனையோடு உரம் கையில் இருக்கும். இதற்கு எரிபொருள் வேண்டாம், புகைபோக்கி வேண்டாம்.

மக்காததை மட்டுமே எரிப்போம் என்கிறார்கள். பிரித்து வாங்கினால்தானே அது நடக்கும்? வீட்டில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று பொறுப்பாகப் பிரித்துக் கொடுத்த குப்பை, தெருமுனையில் ஒரே லாரியில் ஒன்றாகக் கொட்டப்படுவதைப் பார்க்காத சென்னைவாசி உண்டா? அந்தக் கலப்படம்தான் உலைக்குப் போகும். இன்னொன்று, உலை கட்டிவிட்டால் அதற்கு நாள் தவறாமல் தீனி போட வேண்டும். அதன்பின் குப்பையைக் குறைக்க யாருக்கு அக்கறை இருக்கும்? வார்டுகளில் திறந்த நுண் உர மையங்களில் எத்தனை இன்று முழுத்திறனில் ஓடுகின்றன என்பதையாவது சொல்லட்டும்.

டெல்லி திமார்பூரில் 1987-இல் நாளொன்றுக்கு 300 டன் எரிக்கக் கட்டிய உலை, நம் ஊர்க் குப்பையின் ஈரத்தையும் மண்ணையும் தாங்காமல் வெகு சீக்கிரம் நின்றுபோனது. எரியாத குப்பைக்கு உலை கட்டக் கூடாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

முடிவெடுக்கும் இதே நாற்காலிகளின் பழைய கணக்கும் நமக்கு மறந்துவிடவில்லை. குப்பையைப் பதப்படுத்தும் வசதிகளை 2003 டிசம்பர் 31-க்குள் அமைக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டு நகராட்சித் திடக்கழிவு விதிகள் கெடு வைத்தன. கெடு போனது, பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடிக் குப்பை மலை வளர்ந்தது. 2022 ஏப்ரலில் அந்த மலை நாள்கணக்கில் எரிந்தபோது குழந்தைகளும் முதியவர்களும் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள். அந்த ஆண்டிலேயே அதே சதுப்புநிலம் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பாதுகாக்க வேண்டிய நிலம் என்று உலகம் ஒப்புக்கொண்ட இடத்தில் இவர்கள் பல்லாண்டுகளாகக் கொட்டியது குப்பையை.

பெருங்குடியில் தவறியவர்கள் இப்போது கொடுங்கையூருக்கு வந்திருக்கிறார்கள். அனல்மின் நிலையம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை என்று எல்லாவற்றின் புகையையும் ஏற்கெனவே சுமக்கும் வடசென்னையின் தலையில் இன்னொரு புகைபோக்கியை நடுவதற்கு யார் உரிமை கொடுத்தது? ஆலப்புழை நகரம் குப்பை கொட்டிய ஊரின் எதிர்ப்பைக் கண்டபின், 2012 முதல் வீட்டுக்கு வீடு உரத்தொட்டியும் உயிர்வாயுக் கலனும் வைக்கத் தொடங்கியது. சென்னை அதைவிடப் பலமடங்கு பெரியது என்பது உண்மை. அதற்காகத் தொடங்காமலே இருக்கலாமா?

எரிஉலைத் திட்டம் கைவிடப்பட வேண்டும். மக்கும் குப்பை அந்தந்தப் பகுதியிலேயே உரமாக வழி காணப்பட வேண்டும். கொடுங்கையூர் மக்களை அழைத்து, எதிரில் உட்காரவைத்துப் பேசுங்கள், வேறெதற்கும் முன்னால்.