ஒட்டுப் போடலாமா, புது டயரே வாங்கிடலாமா?

இரண்டு மழை நன்றாகப் பெய்துவிட்டால் போதும், டிராக்டர் வைத்திருப்பவரின் போன் ஓயாது. "நம்ம வயலுக்கு எப்போ வர்றீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பார்த்து வைத்தாற்போல அந்த வாரத்தில்தான் பின் டயர் அடிவாங்கும். கரும்பு வெட்டிய கட்டை, கருவேல முள், வரப்போரம் யாரோ உடைத்துப் போட்ட பாட்டில் என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். வண்டி நின்றால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் மாதத் தவணை இடிக்கும்.

அன்று இரவு அந்த வீட்டில் நடக்கும் பேச்சு, டிராக்டர் உள்ள பல வீடுகளுக்குப் பழக்கமானதுதான்.

"ஒட்டுப் போட்டா இந்த சீசனைத் தள்ளிடலாம்."

"தள்ளிடலாம்ங்க. லோடு ஏத்திட்டு ரோட்ல போறப்ப வெடிச்சா என்ன பண்றது? வேணும்னா என் வளையலைக் கொண்டுபோய் வைங்க."

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், வளையலைக் கழற்றுவதற்கு முன் டயரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் முடிவைச் சொல்லப்போவது கிழிசலின் நீளம் மட்டும் அல்ல. அது எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல

டயர் என்றால் ரப்பர் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் காற்றின் அழுத்தத்தையும் வண்டியின் எடையையும் தாங்குவது, ரப்பருக்கு உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் நூல்கள். நம் ஊர் டிராக்டர் டயர்களில் பெரும்பாலும் நைலான் நூல். ரப்பர் அந்த நூலைச் சேறும் தண்ணீரும் தொடாமல் காக்கிறது. மண்ணைப் பிடித்து இழுக்கிறது.

கயிற்றுக் கட்டிலை நினைத்துக்கொண்டால் சுலபம். மேலே விரித்த ஜமக்காளம் கிழிந்தால் படுத்துக்கொள்ளலாம். கயிறு நாலைந்து அறுந்துவிட்டால், ஜமக்காளம் எவ்வளவு புதிதாக இருந்தாலும் படுக்க முடியாது. டயரும் அப்படித்தான். நீளமான கீறலாக இருந்தாலும் நூலைத் தொடவில்லை என்றால் பயமில்லை. சின்ன வெட்டாக இருந்தாலும் நூல் அறுந்திருந்தால் யோசிக்க வேண்டும்.

எங்கே அடி?

மண்ணைத் தொடும் பட்டன் பகுதியில் முள்ளோ ஆணியோ குத்தியிருந்தால் கவலை வேண்டாம். ட்யூபுக்கு ஒட்டுப் போட்டு ஓட்டலாம். ஆனால் முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நின்றிருக்கும். அதை எடுக்காமல் ட்யூபை மாட்டினால் மறுநாளே மறுபடி பஞ்சர். டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியைத் தேய்த்துப் பார்த்தால், எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கும். வெறுங்கையால் தடவினால் கை கிழியும்.

பட்டனுக்கு இடையில் ஆழமான வெட்டு விழுந்து சில நூல்கள் அறுந்திருந்தால், வல்கனைசிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். சேதமான ரப்பரை வெட்டி எடுத்து, உள்ளே வலுவான பேட்ச் வைத்து, புது ரப்பர் நிரப்பிச் சூட்டில் வேகவைத்துத் தருவார்கள். சரியாகச் செய்த வேலை பல சீசன் தாங்கும். வெட்டு ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நிற்காது. டயர் நன்றாகக் காய்ந்த பிறகே வேலையைத் தொடங்கச் சொல்ல வேண்டும்.

சைடுவால் எனப்படும் பக்கவாட்டுப் பகுதி வேறு கதை. ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும் இடம் அது. வெயிலால் வரும் மேலோட்டமான வெடிப்பு ஓட்டத்துக்குத் தடை இல்லை. நூல் வெளியே தெரிகிற வெட்டு என்றால், ஒட்டு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஓரிடத்தில் பலூன் மாதிரி புடைத்திருந்தால், வெளியே கீறலே இல்லை என்றாலும் உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த டயரை மாற்றத்தான் வேண்டும்.

ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் ஓரத்துக்குள் இரும்புக் கம்பி வளையம் இருக்கிறது. அந்தக் கம்பி அறுந்தாலோ, ஓரம் பிய்ந்து கம்பி தெரிந்தாலோ ஒட்டும் பேச்சே கூடாது. காற்று ஏற்றும்போதே டயர் வெடித்து ஆளைத் தூக்கி வீசலாம்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது உள்பக்கம். காற்று இறங்கியது தெரியாமல் வெகுதூரம் ஓட்டியிருந்தால், டயருக்குள் கறுப்பு ரப்பர் தூள் கொட்டிக் கிடக்கும். சுற்றிலும் வளையமாகத் தேய்ந்து நூல் தெரியும். வெளியே பார்க்கப் புதுசாக இருந்தாலும் அந்த டயர் முடிந்துபோன டயர்தான்.

மணிக்கணக்கில் பார்த்தால்...

ஒட்டு மலிவு, புது டயர் விலை அதிகம் என்பது பாதிக் கணக்கு. இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதையும் சேர்த்தால்தான் முழுக் கணக்கு.

ஒரு பேச்சுக்கு, புது டயர் 20,000 ரூபாய், 2,000 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 10 ரூபாய். பட்டன் பாதி மிச்சமுள்ள டயருக்கு 3,000 ரூபாய் செலவழித்து, அது 1,000 மணி நேரம் ஓடினால் மணிக்கு 3 ரூபாய்தான். ஒட்டுப் போடுவதே லாபம். அதே 3,000 ரூபாயை மொட்டையாகப் போன டயரில் போட்டு, அது 200 மணி நேரத்தில் படுத்துவிட்டால் மணிக்கு 15 ரூபாய். போதாததற்கு, மொட்டை டயர் சேற்றில் வழுக்கிச் சுற்றும்போது வீணாகிற டீசல் வேறு.

மீட்டரில் ஓடும் மணி நேரம் எல்லா டிராக்டரிலும் தெரியும். டயர் மாற்றிய அன்று அந்த எண்ணைச் சுவரிலோ நோட்டிலோ குறித்துவைத்தால் இந்தக் கணக்குப் போட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வயலுக்கு ஆகும், ரோட்டுக்கு ஆகாது

ஒட்டுவதா, மாற்றுவதா என்பதற்கு நடுவிலும் ஒரு வழி உண்டு. பட்டன் பகுதியில் பெரிய ஒட்டுப் போட்ட டயர், வயலில் மெதுவாக உழும்போது பிரச்னை தராமல் ஓடலாம். அதே டயரில் டிரெய்லர் நிறைய செங்கல் ஏற்றி, கொதிக்கும் தார் ரோட்டில் விரட்டினால் சூடு ஏறி ஒட்டு விட்டுப்போகும். கையில் பணம் இல்லாத சீசனில், அந்த டயரை உழவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, லோடு வாடகையை விட்டுவிடுவது புத்திசாலித்தனம். கொஞ்சம் வருமானம் குறையும், உயிருக்கு உத்தரவாதம்.

ஒரு டயரை மட்டும் மாற்றும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் புதுசு, இன்னொரு பக்கம் மொட்டை என்றால் உயரம் வித்தியாசப்படும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஃபரன்ஷியலுக்கும் ஓயாத வேலை. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன்னும் பின்னும் ஒரு கணக்கில் இணைந்திருப்பதால் இன்னும் கவனம் தேவை. இரண்டும் வாங்க முடியாதவர்கள், அதே அளவில், அதே தேய்மானத்தில் நல்ல பழைய டயர் ஒன்றைத் தேடலாம். அளவை டயரிலேயே படிக்கலாம். 13.6-28 என்றால் அகலம் 13.6 அங்குலம், ரிம் 28 அங்குலம். தயாரித்த காலம் நாலு இலக்கமாக இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

கழற்றும்போது கவனம்

பிடிமானத்துக்காகப் பின் டயரில் தண்ணீர் நிரப்பும் பழக்கம் பலரிடம் உண்டு. 13.6-28 டயரில் முக்கால் பங்கு நிரப்பினாலே 150 லிட்டருக்கு மேல் நிற்கும். அந்தச் சக்கரம் சாய்ந்தால் ஒரு ஆளால் பிடிக்க முடியாது. தண்ணீரை இறக்கிவிட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியைக் கெட்டியான தரையில் வைத்த பிறகே கழற்ற வேண்டும்.

ரிம்மில் விரிசல் கண்டால், டயர் மாட்டியிருக்கும்போதே வெல்டிங் வைக்கக் கூடாது. உள்ளே சூடேறி டயர் வெடித்து உயிர்போன சம்பவங்கள் உண்டு. காற்று ஏற்றும்போது டயருக்கு நேராக நிற்காமல் தள்ளி நிற்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

இதையெல்லாம் நிதானமாகப் பார்க்கச் சரியான காலம், வயல் காய்ந்து கிடக்கும் கோடைதான். பஞ்சர் கடையில் கூட்டம் இருக்காது. விலை விசாரிக்கவும் நேரம் கிடைக்கும். சந்தேகமான டயரைச் சித்திரையிலேயே கழற்றிப் பார்த்துவிட்டால், ஆடி மழையில் நடுவயலில் நின்றுகொண்டு அவசரமாக முடிவெடுக்க வேண்டியிருக்காது. வளையலும் கையிலேயே இருக்கும்.