சவுண்ட்காரர் மட்டும்தான் பிழையா?

கம்பஸில் எந்த நிகழ்ச்சி முடிந்தாலும் ஒரு வசனம் காதில் விழும்: "சவுண்ட்காரன் கெடுத்துப்போட்டான்." கீபோர்டில் இரைச்சல் வந்தாலும் அவர்தான், நடனப் பாட்டில் குரல் காணாமல் போனாலும் அவர்தான். நாங்கள் இதை ஏற்கவில்லை. பாதிப் பிரச்சினை மேடைக்கும் மிக்சருக்கும் இடையில் கிடக்கிற வயரில் இருக்கிறது. அந்த வயரைப் பற்றி நிகழ்ச்சி வைக்கிற ஆட்களும் யோசிக்கத்தான் வேணும்.

நடனத்தையே எடுப்போம். மூன்று மாதம் பழகின ஆட்டம், பாட்டு போனில் இருக்கு. இரண்டு பக்கமும் ஸ்டீரியோ ஜாக் உள்ள ஒரு வயரை ஹெட்போன் துளையில் இருந்து மிக்சரின் மோனோ சனலுக்குக் கொடுக்கிறார்கள். அந்தச் சனலுக்கு இடது, வலது தெரியாது. ஜாக்கில் வருகிற இரண்டு சிக்னலில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதுதான் அதன் வேலை. பாடகரின் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். கழித்தால் பூச்சியம். குரல் போய், கிணற்றுக்குள் வாசிக்கிற மாதிரி மிச்ச வாத்தியங்கள் மட்டும் கேட்கும். ஆடுகிற பிள்ளைக்கு இது எங்கே தெரியும்? பாட்டைப் பிடிக்க ஏலாமல் தடுமாறுவா. பார்த்தவர்கள் "பழக்கம் காணாது" என்று சொல்லிப்போட்டுப் போவார்கள். ஒரு பக்கம் ஸ்டீரியோ, மற்றப் பக்கம் இரண்டு மோனோ ஜாக்காகப் பிரிகிற வயரை இரண்டு சனலில் செருகினால் விஷயம் முடிஞ்சுது.

கீபோர்டின் கதை வேறு. அதன் சாதாரண ஜாக் வயர் ஐந்தாறு மீற்றருக்குச் சரி. மிக்சர் மண்டபத்தின் பின்பக்கம் 30 மீற்றர் தள்ளி இருந்தால், அதே வயர் அன்டெனா மாதிரி வழியில் உள்ள இரைச்சலை எல்லாம் இழுக்கும். இதற்குத்தான் டிஐ பொக்ஸ். கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து மைக் வயரில் அனுப்பவேணும். அது சிக்னலை இரண்டாக்கி, ஒன்றைத் தலைகீழாக அனுப்பும். வழியில் சேர்கிற இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். நடனத்தில் குரலைத் தின்ற அதே கழித்தல் இங்கே இரைச்சலைத் தின்னும். கீபோர்டுக்குப் பசிவ் டிஐ காணும். வயலினில் ஒட்டுகிற பிக்கப்புக்கு அக்டிவ் டிஐ நல்லது. அதுக்கு மிக்சரில் 48 வோல்ட்டைப் போடவேணும். (கீபோர்டுக்கு ஒரு வயர்தான் இருக்கென்றால் 'எல்/மோனோ' என்று எழுதின துளையிலேயே செருகுங்கோ.)

இனி அந்த "ம்ம்ம்" சத்தம். கிட்டார் அம்ப் மேடைப் ப்ளக்கிலும் மிக்சர் பின்சுவர்ப் ப்ளக்கிலும் இருந்தால், எர்த் இரண்டு வழியால் சுற்றி 50 ஹேர்ட்ஸில் முனகும். லப்டொப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கோ, பல தடவை அதோடு நின்றுவிடும். மற்றதுகளுக்கு டிஐ பொக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கு, இல்லையெண்டால் இரண்டுக்கும் ஒரே லைனில் இருந்து கரண்ட் எடுக்கலாம். சில ஆட்கள் ப்ளக்கின் எர்த் வயரையே கழற்றிவிடுவார்கள். சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் எங்கேயாவது லீக் ஆனால் 230 வோல்ட் கிட்டார் கம்பிக்கும் மைக்குக்கும் வரலாம். 1972இல் ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்கொட்லாந்து இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் சுவான்சீ நகரில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். இந்த விஷயத்தில் எங்களிடம் விட்டுக்கொடுப்பு கிடையாது.

எங்கள் வரவுசெலவுகளில் பனருக்கும் பொன்னாடைக்கும் லைட்டுக்கும் தனித்தனி வரி இருக்கு. சவுண்ட் செக் என்று ஒரு மணித்தியாலம் எந்த நிகழ்ச்சி நிரலிலும் இல்லை. "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லுறதோடு சரி. என்ன வாத்தியம் வருகிறது என்றே தெரியாமல் வந்து நிற்கிற மனிசனைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? இரண்டு நாள் முதலே அவருக்கு ஒரு லிஸ்ட் அனுப்புங்கோ: கீபோர்ட் ஒன்று, வயலின் ஒன்று, பாட்டு போனில். டிஐ பொக்ஸ் ஐந்து வேணும் என்று அதிலேயே எழுதலாம். கீபோர்டுக்கு இரண்டு, போனுக்கு இரண்டு, வயலினுக்கு ஒன்று.