ஆன்மாவும் வெந்நீரும்

காட்டுப்பள்ளியில் சென்ற மாதம் ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். இறந்தவர் என் நண்பனின் தகப்பனார்; கட்டுமரக் காலத்திலிருந்து கடலுக்குப் போனவர். துறைமுகத்துக்காகக் குப்பமே இடம்பெயர்க்கப்பட்ட பிறகும் தொழிலை விடாதவர். சடங்கு முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால், மீஞ்சூரிலிருந்து வரவழைக்கப்பட்ட ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். விஷயம், மரணத்துக்குப் பின் என்ன என்பது பற்றி விஞ்ஞானமும் வேதமும். இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அது போகட்டும். பேசிய விஷயம்தான் எனக்கு ஆத்திரம்.

வாதம் பழையது. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது. ஆன்மா என்பது ஆற்றல். ஆகவே ஆன்மா அழியாது. இதைக் கீதை அன்றே சொல்லிவிட்டது, ஸயன்ஸ் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் ஆன்மாவின் எடை 21 கிராம் என்று ஒரு தகவல். கைதட்டல்.

21 கிராமை முதலில் தீர்த்துவிடலாம். அமெரிக்காவில் ஹேவர்ஹில் என்ற ஊரில் மக்டூகல் என்ற டாக்டர் சாகக் கிடந்தவர்களைக் கட்டிலோடு தராசில் ஏற்றினார். 1907இல் முடிவை வெளியிட்டார். மொத்தம் ஆறு பேர். இரண்டு பேரின் கணக்கை அவரே தள்ளிவிட்டார். மிச்சமுள்ளவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. முதல் ஆளுக்குக் குறைந்த முக்கால் அவுன்ஸ்தான் இந்தப் புகழ்பெற்ற 21 கிராம். பதினைந்து நாய்களையும் நிறுத்தார். எடை குறையவில்லை, ஆகவே நாய்க்கு ஆன்மா இல்லை. அத்வைதம் பேசும் நம் பிரசங்கி இந்த நாய்களை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்.

ஆற்றல் விவகாரம் இதைவிடச் சுவாரஸ்யமானது. அந்தப் பந்தலிலிருந்து தலையைத் திருப்பினால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். பிரசங்கி திருப்பவில்லை. அங்கே எரிவதில் பெரும்பங்கு ஒரிஸாவின் தால்ச்சேர் பக்கமிருந்து பாரதீப் வழியாகக் கப்பலில் வந்த நிலக்கரி. 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம் கட்டப்பட்டதே அதற்காகத்தான். அந்தக் கரி ஒரு காலத்தில் காடு. செத்து 25 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த மரங்கள் விழுங்கிய வெயில் இன்று கொதிகலனில் வெளியே வருகிறது. ஆற்றல் அழியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். மரம் எங்கே? அதன் இலை எங்கே, நிழல் எங்கே? ஆற்றல் மிஞ்சியது, மரம் மிஞ்சவில்லை. அழியாமை விதி பேசுவது கூட்டுத்தொகையைப் பற்றி, ஆளைப் பற்றியல்ல.

அதோடு முடிகிறதா? எரித்த வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி குளிர்விக்கும் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டு எண்ணூர்க் கழிமுகத்தில் போய் விழுகிறது. இறாலும் மீனும் அதில் என்ன பாடுபடுகின்றன என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆற்றல் அழியாது, ஆனால் சிதறும், எதற்கும் உதவாததாகும். இதற்குத்தான் கிளாஸியஸ் 1865இல் என்ட்ரோபி என்று பெயர் வைத்தார். முதல் விதியை மேடையேற்றுகிறவர்கள் இரண்டாம் விதியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுமார் 100 வாட் வெப்பத்தை விட்டுக்கொண்டேயிருக்கிறான். ஆன்மா ஆற்றல்தான் என்றால் அது காலையில் கஞ்சியோடு உள்ளே வந்து மாலைக்குள் வியர்வையோடு போய்விடுகிறது. மரணம் வரை காத்திருக்க வேண்டியதேயில்லை.

இதில் அவமானப்படுவது ஸயன்ஸ் மட்டுமல்ல. கீதையின் இரண்டாம் அத்தியாயம் ஆன்மாவை எந்தப் பௌதிகப் பொருளும் தீண்ட முடியாத இடத்தில் வைக்கிறது. அதைத் தராசுக்கும் கலோரிக்கும் இறக்கிவிட்டு, கீதையை நிரூபித்துவிட்டேன் என்கிறார் இவர். கடோபநிஷத்தில் நசிகேதன் இதே கேள்வியைக் கேட்கும்போது யமன் நழுவப் பார்க்கிறான். பசு, பொன், நீண்ட ஆயுள் என்று வேறெதையாவது வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். யமனுக்கு இருந்த தயக்கம்கூட இன்ஜினீயருக்கு இல்லை. இந்தக் கூட்டு வியாபாரத்துக்கு நம் ஊரில் பூர்வீகம் உண்டு: பெஸன்ட்டும் லெட்பீட்டரும் ஞானதிருஷ்டியில் அணுவைப் பிளந்து பார்த்து எழுதிய புத்தகம் 1908இல் அடையாறிலிருந்துதான் வந்தது.

மணிமேகலையின் 27ஆம் காதையில் பூதவாதிக்குப் பேச இடம் இருக்கிறது. பூதங்கள் கூடினால் உணர்வு, சரக்குகள் கூடிக் கள்ளில் வெறி பிறப்பதுபோல; பிரிந்தால் அதுவும் போயிற்று என்று அவன் தெளிவாகச் சொல்கிறான். மணிமேகலை அவனை மறுத்து நகர்கிறாள். அவன் சொன்னதையே தன் கட்சிக்குச் சாட்சியாக்கிக்கொள்ளவில்லை. எதிர்க்கட்சியை எதிர்க்கட்சியாக இருக்கவிடும் அந்த நாகரிகம் இப்போது நம்மிடமில்லை. நம் எழுத்தாளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காப்ராவின் 1975ஆம் வருஷத்துப் புத்தகத்தை அரைகுறையாகப் புரட்டிவிட்டு, சுடலைக் கவிதையில் க்வாண்டத்தைத் தூவுகிறவர்கள் இந்த வட்டத்தில் எத்தனை பேர்? செத்தவன் முகத்தைப் பார்க்கப் பயந்து பிரபஞ்சத்தைப் பார்க்கிறோம். பிரசங்கியாவது பணம் வாங்கிக்கொண்டு செய்தார்.

கடலடியில் பாறை கிடக்கும் இடத்தைப் பார் என்பார்கள். மீன் கூடும் இடம், வலை கிழியும் இடமும் அதுவே. இறந்தவருக்கு அப்படி ஒரு பார் தெரியும். புகைபோக்கி ஒன்றையும் கரையில் வேறு எதையோ ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து அதைப் பிடிப்பார். அந்த வேறு எதையோ அவர் யாருக்கும் சொன்னதில்லை. பேச்சு முடிந்ததும் அவர் மனைவி மேடைக்கருகே வந்து நின்றார்.

“அப்ப அவரு எங்கியும் போவலியா சார்?”

“போகலைம்மா. வேற வடிவத்துல இங்கயேதான் இருக்காரு.”

“அந்தப் பாரு எங்க கீதுன்னு புள்ளையாண்ட சொல்லச் சொல்லு சார்.”

அவர் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். போன வாரம் நண்பன் அந்தப் பக்கம் வலை போட்டு, பாதியை அறுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறான்.