பாட மட்டும் கூப்பிட்டார்கள்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், காஸ்பல் பாடிய பெண்களை ‘போராட்டத்தின் ஆன்மா’ என்று வர்ணிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆன்மாவுக்குக் கூலி கிடையாது, பெயர் கிடையாது, பேச நேரமும் கிடையாது.

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. மஹாலியா ஜாக்சன் பாடினார். மார்ட்டின் லூதர் கிங் பேசிக்கொண்டிருந்தபோது, கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பின்னாலிருந்து குரல் கொடுத்ததும் அவர்தான் என்பார்கள். இந்தக் கதையை எல்லோரும் ஆசையாகச் சொல்கிறார்கள். முக்கியப் பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஒரே பெண் அன்னா ஹெட்ஜ்மன் முன்கூட்டியே எதிர்ப்புத் தெரிவித்தார். பெண் போராளிகளுக்குப் பாராட்டு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். டெய்சி பேட்ஸ் சில வரிகள் பேசி முடித்துக்கொண்டார்.

“அதுதான் பாடினார்களே!” என்பார்கள். பாட்டை இடைவேளை நிகழ்ச்சியாக நினைப்பவர்களின் பேச்சு இது.

1945 அக்டோபரில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். மாதக்கணக்கில் மறியல். பொழுது சாயும்போது லூசில் சிமன்ஸ் என்ற தொழிலாளி, தேவாலயத்தில் பாடிவந்த பழைய பாட்டொன்றை இழுத்து நிதானமாகப் பாடுவார். அதில் ‘நான்’ இருந்த இடத்தில் ‘நாம்’ வந்தது. வீட்டில் அடுப்பெரிக்க வழியில்லாதவர்கள் மறுநாளும் வந்து நிற்க வேண்டுமே. அதற்கான வேலை அந்தப் பாட்டு. டென்னசியின் ஹைலேண்டர் பள்ளியில் ஜில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றுக்கொண்டு பலருக்கும் கற்றுக்கொடுத்தார். உலகம் அதை ‘வீ ஷல் ஓவர்கம்’ என்று அறிந்தது.

1960களில் அதற்குக் காப்புரிமை பதிவானது. ஹார்ட்டன், பீட் சீகர், கை கராவன், ஃபிராங்க் ஹாமில்டன் என்று நான்கு பெயர்கள், நால்வரும் வெள்ளையர். உரிமைத்தொகை போராட்டத்துக்கே போனது, அவர்கள் திருடர்கள் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்லவர்கள் உட்கார்ந்து எழுதிய பட்டியலிலேயே லூசில் சிமன்ஸின் பெயர் இல்லையே!

ஃபேனி லூ ஹேமரை நினைத்துக்கொள்கிறேன். அடுத்தவர் நிலத்தில் பங்குக்குப் பருத்தி பயிரிட்ட மிசிசிப்பிப் பெண். 1963 ஜூனில் வினோனா சிறையில் உடம்பு கன்றிப்போகும்படி அடித்தார்கள், அங்கேயும் பாடினார். அடுத்த ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில், ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன்னால் அந்த அடியைப் பற்றிச் சாட்சி சொல்ல உட்கார்ந்தார். இந்த முறை பாட்டு இல்லை, பேச்சு. குடியரசுத் தலைவர் ஜான்சன் அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பைக் கூட்டி, கேமராக்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிரவே தொலைக்காட்சிகள் ஹேமரின் சாட்சியத்தை ஒளிபரப்பின.