தாரா? ஜிம்னியா? ஆளை விடுங்கப்பா!

டிஸ்கி: என்னிடம் காரும் கிடையாது, ஜீப்பும் கிடையாது. ஊருக்குப் போனால் அப்பாவின் ஸ்பிளெண்டர், அதுவும் பெட்ரோல் நானே போடுகிறேன் என்று சத்தியம் செய்தால்தான் சாவி வரும். ஆகவே "நீ எந்தக் கட்சி?" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

போன வாரம் எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் இரண்டு பேர் பேச்சை முறித்துக்கொண்டார்கள். காரணம் காதல் இல்லை, கடன் இல்லை. ஒருத்தன் மஹிந்திரா தார் ரசிகன், இன்னொருத்தன் மாருதி ஜிம்னி ரசிகன்.

"உன் ஜிம்னி பொம்மை வண்டிடா. 103 குதிரையை வச்சுக்கிட்டு மலை ஏறப்போறியா?"

"உன் தார்ல ரியர் வீல் டிரைவ்னு ஒண்ணு விக்கிறானே, அதை வாங்கி மால் பார்க்கிங்லதான் ஏத்தணும். ஜிம்னி வாங்கினா எல்லாத்துலயும் ஃபோர் வீல்!"

நடுவில் மூன்றாமவன் வந்து, "ரெண்டும் வேஸ்ட். ஃபோர்ஸ் கூர்க்காதான்டா வண்டி. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டு டிஃபரன்ஷியல் லாக்கு" என்று எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். தோசை ஆறிப்போனது. இதில் வேடிக்கை, மூன்று பேரிடமும் வண்டி இல்லை. தீபாவளிக்கு மூன்று பேரும் ஊருக்குப் போனது அரசுப் பேருந்தில், அதில் இரண்டு பேர் நின்றுகொண்டே.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் எனக்கு ஊர் போடி. ஜீப் என்றால் எனக்கு வேறு ஞாபகம் வருகிறது.

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்னாலேயே ஜீப்கள் கிளம்பிவிடும். உள்ளே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள், மடியில் தூக்குவாளி. போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு, அதற்கு மேல் இடுக்கி மாவட்டத் தோட்டங்கள். என் மாமா அப்படி ஒரு ஜீப் ஓட்டுகிறார். பழைய மஹிந்திரா கமாண்டர். ஃபோர் வீல் டிரைவ் கிடையாது, பின் சக்கரம் மட்டும்தான். மால் பார்க்கிங்குக்குத்தான் லாயக்கு என்று நண்பன் சொன்னானே, அந்த ஜாதி! அதை வைத்துக்கொண்டுதான் மாமா மழைக்காலத்தில் சேறும் கல்லுமான தோட்டத்துப் பாதையில் இத்தனை வருஷமாக ஏறி இறங்குகிறார்.

ஸ்டாண்டில் அவர் வண்டிக்குப் பக்கத்தில் ஃபோர்ஸ் டிரக்ஸும் நிற்கும். எங்கள் ஊரில் இரண்டுமே "ஜீப்பு"தான். கம்பெனிப் பெயரைச் சொல்லி அங்கே யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வண்டி நின்றுவிட்டால் அடுத்த வண்டிக்காரர்தான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வருவார். "எந்த வண்டி மாமா நல்லது?" என்று ஒருமுறை கேட்டேன். "இறக்கத்துல பிரேக்கை நம்பாம கியர்ல இறக்கத் தெரிஞ்சவன் கையில இருக்கிற வண்டி, மாப்ள" என்றார். அவ்வளவுதான் ரிவ்யூ.

சரி, ரசிகர்கள் பெருமை பேசுகிற பரம்பரைக் கதைக்கு வருவோம். "எங்கள் வண்டிதான் அசல், மற்றதெல்லாம் காப்பி" என்பது எல்லாத் தரப்பும் சொல்கிற வசனம். அசல் யார்?

1940ல் அமெரிக்க ராணுவம் சின்னதாக, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று கேட்டது. அப்போது நொடித்துக் கிடந்த பான்டம் என்கிற சின்ன கம்பெனி, கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து முதல் மாதிரியைச் செய்துகொடுத்தது. பெரிய ஆர்டர் கிடைத்ததோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும். அந்த இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து உலகப் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்தன. "ஜீப்பை உருவாக்கியது நாங்களே" என்று வில்லிஸ் விளம்பரம் போட, அது தவறான விளம்பரம் என்று அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் 1948ல் முடிவு சொன்னது. இருந்தும் 1950ல் "ஜீப்" என்ற பெயர் வில்லிஸுக்கே வணிகச் சின்னமாகப் பதிவானது. பெற்றவள் ஒருத்தி, பெயர் வைத்தது இன்னொருத்தி!

மற்றவர்கள் கதையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. லேண்ட் ரோவரின் முதல் மாதிரி 1947ல் ஒரு ஜீப்பின் சேஸிஸ் மேல் கட்டப்பட்டது. டொயோட்டா 1951ல் செய்த வண்டியின் பெயரே "டொயோட்டா ஜீப்". பெயர் அடுத்தவருக்குச் சொந்தம் என்பதால் 1954ல் அது "லேண்ட் க்ரூஸர்" ஆனது. மஹிந்திரா 1947ல் வில்லிஸ் ஜீப்பை இறக்கி இங்கே பூட்ட ஆரம்பித்தது. ஜிம்னியின் மூலம்கூட சுஸூகியுடையது இல்லை. ஹோப் என்ற குட்டி ஜப்பானியக் கம்பெனியிடமிருந்து உரிமையை வாங்கி, 1970ல் தன் பெயரில் விட்டார்கள். கூர்க்காவின் எஞ்சின் மெர்சிடிஸ் வழி வந்தது.

இந்த அழகில், மஹிந்திராவின் ராக்ஸர் எங்கள் ஜீப் மாதிரியே இருக்கிறது என்று 2018ல் ஃபியட் கிரைஸ்லர் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 2020ல் தடை வந்தது. முகத்தை மாற்றிக்கொண்ட பிறகு, அந்தப் புது வடிவத்துக்குத் தடை இல்லை என்றார்கள். பங்காளிகளின் பாகப்பிரிவினை வழக்கு, வேறென்ன? இதில் எந்தப் பங்காளிக்காக நாம் தோசையை ஆறவிடுவது?

"போட்டி இருந்தால்தானே நல்ல வண்டி வரும்?" என்று ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. போட்டி நல்லதுதான், ஆனால் போட்டி வேறு, ரசிகச் சண்டை வேறு. ஜிம்னி 2023 ஜூனில் வந்தபோது ஆரம்ப விலை 12.74 லட்சம். அந்த வருஷம் முடிவதற்குள் தண்டர் எடிஷன் என்று ஒன்றை 10.74 லட்சத்துக்குக் கொடுத்தார்கள். இரண்டு லட்சத்தைக் குறைக்க வைத்தது யார்? "ஜிம்னிக்கு ஈடு இணை இல்லை" என்று கத்திய ரசிகனா? இல்லை, "இந்த விலைக்கு வேண்டாம்" என்று பேசாமல் வெளியே போன வாடிக்கையாளன். கம்பெனி பயப்படுவது அவனுக்குத்தான். ரசிகனைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்? அவன் சம்பளம் வாங்காத விளம்பர ஆள்.

பொம்மை என்று கேலி செய்தார்களே, குருகிராமில் தயாராகும் அதே ஐந்து கதவு ஜிம்னி 2025 ஜனவரியில் ஜப்பானில் அறிமுகமானது. சில நாட்களில் 50,000 பேர் பதிவு செய்ய, புது ஆர்டர் வாங்குவதையே நிறுத்தி வைத்தார்கள். உடனே ஜிம்னி ரசிகர்கள் கைதட்ட வேண்டாம். குறுகலான தெருவும் பனியும் உள்ள ஊரில் அந்த அளவு பொருந்துகிறது. குடும்பம், மூட்டை முடிச்சு எல்லாம் ஏற வேண்டிய ஊரில் பொருந்தவில்லை. வண்டி ஒரு கருவி. மண்வெட்டி உசத்தியா, கடப்பாரை உசத்தியா என்று யாராவது கட்சி கட்டுவார்களா?

இது வெறும் வாய்ச்சண்டையாக நின்றிருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். 2023 டிசம்பரில் இமாசலத்தின் லாஹௌலில் ஒருவர் போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து சந்திரா ஆற்றுக்குள்ளேயே தாரை இறக்கினார், போலீஸ் அபராதம் போட்டது. 2024 ஜூனில் குஜராத்தின் முந்த்ரா கடற்கரையில் வீடியோ எடுக்க இறங்கிய இரண்டு தார்கள் அலையில் சிக்கின. எங்கள் பக்கமும் போன வருஷம் ஒரு கூத்து. இரண்டு கம்பெனி வண்டிகள் (பெயர் சொல்ல மாட்டேன், தப்பு வண்டி மேல் இல்லை), யார் முதலில் ஆற்றைக் கடப்பது என்று பந்தயம். இரண்டும் அச்சு வரை மணலில் இறங்கிவிட்டன. வழியில் ஒரு அம்மா போட்டிருந்த கீரைப் பாத்தி முழுக்க டயர் தடம். கடைசியில் இரண்டையும் இழுத்து வெளியே போட்டது ஒரு டிராக்டர். "ஆத்துக்குள்ள என்ன தம்பி வேலை?" என்று டிராக்டர்காரர் கேட்டதற்கு, இரண்டு கட்சியிடமும் பதில் இல்லை. அந்த அம்மா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மிதிபடாத கீரையைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். தார் 2020ல் வந்தபோது குளோபல் என்கேப் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. நல்ல விஷயம், பாராட்டுகிறேன். பத்து லட்சம் கொடுத்து வார இறுதியில் மலைக்குப் போகிறவருக்கு ஏர்பேக் உண்டு, பெல்ட் உண்டு. தினமும் அதே மாதிரி மலையில் ஏறுகிற, தூக்குவாளி வைத்திருக்கும் அக்காக்களுக்கு? பக்கவாட்டு பெஞ்ச். பெல்ட் கிடையாது. நாலு பேர் இடத்தில் ஏழு பேர். ஒவ்வொரு முறை மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்தது என்று செய்தி வரும்போதும் என் அத்தை முதலில் போன் போடுவது மாமாவுக்குத்தான். அவர் "ம்" என்று எடுக்கும் வரை வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

ஆஃப் ரோடு என்று இத்தனை பேசுகிறோமே, நிஜமாகவே ரோடு இல்லாத இடத்துக்குத் தினமும் போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில், பெல்ட்டோடு, முன்னால் பார்த்த சீட்டோடு ஒரு வண்டி ஏன் இல்லை என்று எந்த ரசிகன் கேட்டான்? கேட்க மாட்டான். கேள்வி கேட்டால் ரசிகர் மன்றத்திலிருந்து தூக்கிவிடுவார்கள்!

மெஸ் நண்பர்களே, வண்டி பிடித்தால் ரசியுங்கள். கையில் காசு வந்தால் வாங்குங்கள், நானும் ஒரு ரவுண்டு ஏறிக்கொள்கிறேன் :-) ஆனால் ரசிகனாகக் கையெழுத்துப் போடாதீர்கள், வாடிக்கையாளனாகக் கேள்வி கேளுங்கள். அப்புறம் ஒருநாள் போடிக்கு வாருங்கள். விடியற்காலை மாமாவின் ஜீப்பில், அந்த பெஞ்சில், மேடு வரைக்கும் ஒரு டிரிப். இறங்கிய பிறகும் தாரா ஜிம்னியா என்று சண்டை போடத் தோன்றினால், டீ என் செலவு.