நாடகப் பள்ளியின் வாசல்வரை போக யார் பணம் தருவது?

"கூத்தாடுவதற்கு ஒரு காலேஜா? அதற்கு ஒரு படிப்பா?"

கோவைப் பக்கம் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. கேட்டவர் பெண்ணின் பெரியப்பா. பெண் சர்க்கார் கல்லூரியில் பி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கலைத் திருவிழா மேடையில் நடித்துப் பரிசு வாங்கியவள். மேற்கொண்டு நாடகம் படிக்க வேண்டும் என்கிறாள். தகப்பனார் இரவு ஷிப்டு முடிந்து நேரே நம்மிடம் வந்தார். "தோழர், இது நம்மைப் போன்றவர்களுக்கு ஆகிற காரியமா? ஆசை காட்டிக் கெடுத்துவிடாதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்" என்றார்.

உள்ளதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

பெரியப்பாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். தமிழ் நாடகத்தைத் தோளில் சுமந்தவர்கள் யார்? ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். வீட்டில் கஞ்சிக்கு வழியில்லாமல் பாய்ஸ் கம்பெனியில் கொண்டுபோய் விடப்பட்ட சிறுவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் ஆரம்பித்த பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் அப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. அங்கே பாட்டு உண்டு, வசனம் உண்டு, உடற்பயிற்சி உண்டு, சாப்பாடு உண்டு. அடியும் உண்டு. அந்தக் காலத்தைப் புகழ்ந்து பாட நாம் தயாராக இல்லை. குழந்தைகளின் உழைப்பைச் சுரண்டித்தான் பல கம்பெனிகள் நடந்தன. ஆனாலும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அந்த வாசலில் யாரும் பட்டம் கேட்கவில்லை, இங்கிலீஷ் கேட்கவில்லை. குரல் இருக்கிறதா, தாளம் நிற்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். நாவிதர் குலத்தில் பிறந்த விஸ்வநாததாஸ் அந்த மேடையில் நின்றுதான் வெள்ளைக்காரனை எதிர்த்துப் பாடினார், பலமுறை சிறை சென்றார். 1940-ம் வருஷத்தின் கடைசி நாளில் முருகன் வேஷத்துடன் மேடையிலேயே உயிர் துறந்தார். கூத்தாடி என்ற வசவை உழைப்பாளி மக்களின் வாயில் வைத்தவன் யார் என்று பெரியப்பா யோசித்துப் பார்க்கட்டும்.

அந்தக் கம்பெனிகள் போய்விட்டன. இப்போது நாடகம் சொல்லித்தரும் இடங்கள் எவை?

நகரத்தில் சுவருக்குச் சுவர் விளம்பரம் ஒட்டியிருக்கிறது. மூன்றே மாதத்தில் நடிகராகலாமாம். உள்ளே போய் விசாரித்தால் லட்சத்தில் பேசுகிறார்கள். வட்டிக்கு வாங்கியோ தாலிக்கொடியை அடகு வைத்தோ அங்கே ஒரு பைசாக்கூடக் கட்ட வேண்டாம் என்று நாம் கண்டிப்பாகச் சொல்கிறோம். போய் நிற்க வேண்டிய இடம் பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளின் வாசல். அவை நம் வரிப்பணத்தில் நடப்பவை. கைலிக்கும் தீப்பெட்டிக்கும் நாம் கட்டும் வரி அதில் சேர்ந்திருக்கிறது.

டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. 1959-ல் சங்கீத நாடக அகாதமியின் கீழ் ஆரம்பமாகி, 1975-ல் தனி நிறுவனமானது. மத்திய சர்க்காரின் பணத்தில் நடக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. தேர்வாகிறவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறார்கள். அதாவது, உள்ளே நுழைந்துவிட்டால் செலவு மலைபோல் நிற்காது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த நவாஸுத்தீன் சித்திக்கி, டெல்லியில் காவல்காரராக நின்று சம்பளம் வாங்கியவர், இந்தப் பள்ளியில்தான் படித்தார். பீகார்க் கிராமத்து விவசாயியின் மகன் பங்கஜ் திரிபாதி, பாட்னாவில் ஓட்டல் சமையற்கட்டில் வேலை செய்துகொண்டே நாடகம் ஆடியவர், அவரும் அங்கே படித்தவர்தான். இந்த இருவரைக் காட்டி எல்லோரும் இப்படி ஆகிவிடுவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. காவல்காரரும் சமையற்காரரும் அந்த வாசலைத் தாண்டியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

டெல்லி தூரம் என்றால் அந்தப் பள்ளிக்குப் பெங்களூரில் ஒரு மையம் இருக்கிறது. தென் மாநிலத்தவருக்கு ஒரு வருஷ நடிப்புப் பயிற்சி தருகிறார்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரிலேயே ஒரு நாடகப் பள்ளி உண்டு. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி தலைமை ஏற்று உருவாக்கியது. ஒரு பட்டம் வாங்கிய பிறகு அங்கே நாடகத்தில் மேற்படிப்பு படிக்கலாம். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துறை இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு நாடகத்தையே பட்டமாகப் படிக்க வேண்டுமென்றால், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டித் திருச்சூருக்குப் போகலாம். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி 1977 முதல் அரணாட்டுக்கரையில் நடக்கிறது. ஜி. சங்கரப்பிள்ளை உண்டாக்கியது. நம் தமிழ் நாடகாசிரியர் சே. ராமானுஜம் அங்கே ஆசிரியராக இருந்தவர். கர்நாடகத்தில் ஹெக்கோடு என்று ஒரு கிராமம் இருக்கிறது. பாக்குத் தோட்டத்து ஊர். 1949-ல் அங்கே நீநாசம் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கே.வி. சுப்பண்ணா அதைக் கட்டி வளர்த்து, 1980-ல் அந்தக் கிராமத்திலேயே நாடகப் பள்ளியும் திறந்தார். பாடம் கன்னடத்தில்தான். ஓசூர், தாளவாடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தடையாக இராது. ஒரு பாக்குத் தோட்டத்துக் கிராமம் செய்து காட்டியதைப் பஞ்சாலை நகரமான கோவை ஏன் செய்யவில்லை என்று நமக்கே கேட்கத் தோன்றுகிறது.

சம்பளத்தைப் பொறுத்தவரை, இந்தப் பொதுப் பள்ளிகளில் கட்டும் தொகை தனியார் கேட்பதோடு ஒப்பிட்டால் சொற்பமே. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர் மாணவர்களுக்கு இட ஒதுக்கீடும் உண்டு. சாதிச் சான்றிதழையும் வருமானச் சான்றிதழையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் போட மூன்று நாள் இருக்கும்போது தாசில்தார் ஆபீசில் போய் நிற்பது நம்மவர்களின் பழைய வழக்கம். பிற்பட்டோர் சான்றிதழில் மத்திய சர்க்காருக்கு என்று தனிப் படிவம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மாநிலச் சான்றிதழோடு போய் இடத்தை இழக்கக் கூடாது.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? வாசலுக்குப் போகும் வழியில் இருக்கிறது.

தேசிய நாடகப் பள்ளி கேட்பதைப் பாருங்கள். ஒரு பட்டம். ஆறு நாடகங்களில் பங்கெடுத்த அனுபவம். இந்தியும் இங்கிலீஷும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். நாடகம் அறிந்தவர்களின் சிபாரிசுக் கடிதம். முதல் கட்டத் தேர்வைப் பல நகரங்களில் வைக்கிறார்கள். அதில் தேறியவர்களை டெல்லிக்கு அழைத்து, சில நாள் பட்டறை நடத்திப் பொறுக்குகிறார்கள். நாடெங்கிலுமிருந்து வருகிறவர்களில் உள்ளே போகிறவர்கள் முப்பது சொச்சம் பேர். (விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் படித்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.) மத்தியப் பல்கலைக்கழகங்களோ பொது நுழைவுத் தேர்வின் மார்க்கைக் கேட்கின்றன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நான்கு விடையில் ஒன்றைத் தட்டும் தேர்வு. ஒப்பாரி பாடி ஊரையே அழ வைக்கும் பெண்ணின் திறமை இதில் எந்தக் கட்டத்தில் தெரியவரும்? நாம் கேட்கிறோம்.

ஆறு நாடகம் என்றதும் அந்தப் பெண் சோர்ந்துபோனாள். "சபா நாடகம் ஒன்றில்கூட நடித்ததில்லையே" என்றாள். சபா எதற்கு? பள்ளி ஆண்டு விழாவில் நடித்தது நாடகம். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் போட்ட தெருநாடகம் நாடகம். மில் கேட்டில் சங்கத் தோழர்கள் போட்டதில் மேஸ்திரி வேஷம் கட்டினாளே, அதுவும் நாடகந்தான். நோட்டீசைப் பத்திரப்படுத்த வேண்டும், போட்டோ எடுத்து வைக்க வேண்டும், நடத்தியவர்களிடம் தேதி போட்டு எழுதி வாங்க வேண்டும். நம் ஆட்கள் ராத்திரி முழுவதும் ஆடிவிட்டு, விடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு வரி வசனம் பேசினால்கூடச் சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டுகிறது. இது ஒன்றை மட்டும் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.

இனி, நடித்துக் காட்டும் தேர்வு. ஆடிஷன் என்கிறார்கள். பராசக்தி கோர்ட்டுக் காட்சி வேண்டாம். 1952-லிருந்து அந்த வசனத்தைப் பேசாத வாய் தமிழ்நாட்டில் இல்லை. தேர்வாளர்கள் சிவாஜியைப் பார்ப்பார்கள், நம் பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள். மேடைக்கென்று எழுதிய நாடகத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' இருக்கிறது. பண்ணையில் உழுத நந்தனின் கதை நம் விவசாயக் கூலித் தோழர்களின் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. பகுதியை மட்டும் நெட்டுருப் போட்டுப் போகக் கூடாது, முழு நாடகத்தையும் படிக்க வேண்டும். இதற்கு முன் என்ன நடந்தது, இவள் ஏன் இதைச் சொல்கிறாள் என்று கேட்டால் பதில் வேண்டும். தன் வயசுக்கும் உடம்புக்கும் பொருந்திய பாத்திரமாக இருப்பது நல்லது.

நடுவில் நிறுத்திவிடுவார்கள். இதே வசனத்தை ரகசியமாகச் சொல், கிழவிபோல் சொல், சிரித்துக்கொண்டே சொல் என்பார்கள். தப்புச் செய்துவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொள்ளும் புத்தி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பாடச் சொன்னால் சினிமாப் பாட்டை விட்டு, பாட்டியிடம் கேட்ட நடவுப் பாட்டையோ தாலாட்டையோ பாடலாம். நூற்பு மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நடக்கும் நடையை, அறுந்த இழையை ஓடி முடிச்சுப் போடும் விரலைச் செய்து காட்டு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னோம். அப்பாவைப் பார்த்தே வளர்ந்தவள். செய்து காட்டினாள். பெரியப்பா வாயடைத்துப் போனார்.

ஆனால், கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. கோவையிலிருந்து டெல்லிக்குப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். பெண்பிள்ளையைத் தனியே அனுப்பத் தாய் சம்மதிக்கவில்லை. கூட ஒருவர் போனால் இரண்டு பேர் ரயில் கட்டணம், தங்கும் செலவு, சாப்பாடு. பட்டறை நாட்களையும் சேர்த்தால் தகப்பனாருக்கு ஒன்றரை வாரச் சம்பளம் போச்சு. கான்ட்ராக்டில் இருப்பவருக்கு வேலையே போகலாம். தேர்வாகாமல் திரும்பினால் அத்தனையும் கடன். உதவித்தொகை உள்ளே போனவருக்குத்தான், வாசல்வரை வந்தவருக்கு இல்லை. திறமையில் தோற்பதற்கு முன்பே டிக்கெட் கவுண்டரில் தோற்கிறவர்கள் நம் பிள்ளைகள். தேர்வைக் கோவையிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் வைத்தால் மத்திய சர்க்காரின் கஜானா காலியாகிவிடுமா? தமிழில் கேட்டால் தேர்வாளருக்குப் புரியாது என்றால், தமிழ் தெரிந்த தேர்வாளரை உட்கார வைப்பதுதானே?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படித்து முடித்தால் உத்தியோகம் நிச்சயம் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. நாடகத்தை நம்பிப் பிழைப்பவர்கள் நாட்டில் கொஞ்சம் பேர்தான். சிலர் ஆசிரியராகிறார்கள், சிலர் சினிமாவுக்குப் போகிறார்கள், பலர் பகலில் வேறு வேலை பார்த்து இரவில் ஒத்திகை நடத்துகிறார்கள். சர்க்கார் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடத்துகிறார்கள், நல்ல காரியம். அந்தப் பள்ளிகளில் நாடக ஆசிரியர் என்று ஒரு பதவி உண்டாக்கினால், படித்து வரும் இந்தப் பிள்ளைகளுக்கு வேலையும் ஆகும், நம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடமும் ஆகும். பரிசுக் கோப்பை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதோடு காரியம் முடிந்துவிடவில்லை.

இதையெல்லாம் கேட்ட பிறகும் தகப்பனார் பின்வாங்கவில்லை. "பி.ஏ. முடிக்கட்டும். பெங்களூருக்கும் புதுவைக்கும் போடட்டும், டெல்லிக்கும் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்" என்றார். ரயில் செலவுக்காக அவருடைய ஷிப்டுத் தோழர்கள் சம்பள நாளன்று தலைக்கு இருபது ரூபாய் ஒதுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பெரியப்பா ஐம்பது கொடுத்தார்.

பெண்ணின் கையில் இப்போது நான்கு நாடகத்துக்குச் சான்று இருக்கிறது. ஐந்தாவது, மே தினத்தன்று மில் கேட்டில். ஆறாவதுக்கு மாரியம்மன் கோயில் நோன்பிக் கமிட்டியிடம் பேசியிருக்கிறோம். வள்ளி திருமணத்தில் வேலன் வேஷம் தரலாம் என்கிறார்கள். வள்ளி வேஷத்துக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறதாம்.